வளைவில் வைத்த வாழை

எங்கள் ஊரில் நாயைக்கூட வாங்க, போங்க என்றுதான் சொல்வோம். வைதாலும் மரியாதை குறையாமல் வைவோம். ஆனால் அந்த வளைவுக் குழியைப் பற்றி மட்டும் யாரும் மரியாதையாகப் பேசி நான் கேட்டதில்லை.

எங்கள் ஊரான சாந்தா செசிலியாவுக்கு ஏறுகிற மலைப்பாதை அது. ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் காப்பித் தோட்டம் சரிந்து இறங்குகிற பள்ளம். எதிரெதிரே வரும் இரண்டு வண்டிகள் ஒன்றையொன்று உரசாமல் போக மட்டுந்தான் இடம். மேலேறுகிறவர்களின் பக்கத்தில், சரியாக வளைவில், ஒரு கன்றுக்குட்டி படுத்துக்கொள்ளும் அளவுக்குக் குழி. நகராட்சியில் சொல்லிச் சொல்லி வாய் வலித்ததுதான் மிச்சம். தேர்தலுக்கு வந்தவர்கள் குழியைச் சுற்றி ஓட்டிக்கொண்டு வந்தார்கள், ஓட்டுக் கேட்டார்கள், குழியைச் சுற்றி ஓட்டிக்கொண்டு போனார்கள்.

குழிக்கு ஒரு வயது முடிந்தபோது நான்தான் கேக் செய்தேன். வளைவுக்குச் சற்றுக் கீழே என் சாப்பாட்டுக் கடை இருக்கிறது. கடையை மூடிவிட்டு, மெழுகுவர்த்தி ஏற்றி, ஊர் கூடிப் பாட்டுப் பாடி, குழியின் ஓரத்தில் வைத்து வெட்டினோம். பன்றி வளர்க்கிற தோன் பொலிவார் முதல் துண்டை வாயில் போட்டுக்கொண்டு, "பிள்ளை நல்லா வளருதுங்க. அடுத்த வருஷம் பள்ளிக்கூடத்துல சேத்துடலாம்" என்றார். சிரித்துச் சிரித்து எனக்கு வயிறு வலித்தது.

அன்றைக்குத்தான் யோர்லெனி குழிக்குள் வாழைக்கன்று வைத்தாள்.

இந்த நாட்டில் ரோட்டுக் குழியில் வாழை வைப்பது புதிதல்ல. நகராட்சிக்கு வெட்கம் வரட்டும் என்று வைப்பது. வெட்கம் வந்து நான் பார்த்ததில்லை, வாழை குலை தள்ளிப் பார்த்திருக்கிறேன். ஆனால் யோர்லெனி யாருடைய வெட்கத்துக்காகவும் வைக்கவில்லை. அவளுக்கு ஒரே மகன், கிரேவின். புதிதாக மோட்டார் சைக்கிள் வாங்கியிருந்தான். முந்தின வாரம் அந்தக் குழியில் விழுந்து முழங்கால் தோல் உரிந்து வந்தான். "பனியில குழி தெரியாதுங்க. வாழை நின்னா தெரியும்ல" என்று சொல்லிக்கொண்டே, கையாலேயே மண்ணை அணைத்தாள்.

கிரேவினுக்கு நான் ஞானத்தாய். என் கணவர் ஓல்ஹெர் ஞானத்தகப்பன், அவன் வாயில் 'பத்ரீனோ'. கோயிலில் ஞானஸ்நானத் தண்ணீர் ஊற்றும்போது அவன் தலையைத் தாங்கியது என் கை. அன்றிலிருந்து யோர்லெனியும் நானும் ஒருவரையொருவர் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. கொமாத்ரே என்போம், ஓல்ஹெர் அவளுக்குக் கொம்பாத்ரே. கூடப் பிறந்தவளுக்கும் மேலான முறை. கூடப் பிறந்தவளோடு பேசாமல் இருந்துவிடலாம், கொமாத்ரேயோடு பேசாமல் இருந்தால் பாவம் சேரும் என்று எங்களில் நம்புகிறவர்கள் உண்டு. அவள் புருஷன் வடக்கே வேலைக்குப் போய் அங்கேயே இன்னொரு குடும்பம் கட்டிக்கொண்டபோது, அவளும் பிள்ளையும் ஒரு மழைக்காலம் முழுக்க என் வீட்டில்தான் இருந்தார்கள்.

மே மாதம் முழங்கால் உயரம் இருந்த வாழை அக்டோபரில் ஆளை மிஞ்சிவிட்டது. யோர்லெனி காற்றுக்குக் குச்சி நட்டுக் கட்டினாள். பூசைக்குப் போகிற வழியில் நின்று ஒரு தடவை பார்த்துவிட்டுத்தான் போவாள். ஏறுகிற வண்டிகள் வாழை வந்ததும் ஹார்ன் அடித்து, இறங்குகிறவர்களின் பக்கத்துக்கு ஒதுங்கி, அதைச் சுற்றிக்கொண்டு போகும். எங்களுக்கு அது பழகிப்போயிற்று. இலைகள் அகலமாக விரிந்து எதிரே வருவதை மறைக்கிறதே என்று யாருக்கும் தோன்றவில்லை. எனக்கும் தோன்றவில்லை.

அந்த அக்டோபர் மாலை நான் கடைக்குச் சாமான் வாங்க டவுனுக்குப் போயிருந்தேன். ஓல்ஹெர் காலிச் சாக்குகளோடு ஜீப்பில் மேலிருந்து இறங்கிக்கொண்டிருந்தார். கிரேவின் வேலை முடிந்து வீட்டுக்கு ஏறிக்கொண்டிருந்தான். நல்ல பனி. வளைவில் இரண்டும் மோதின.

முதலில் ஓடிவந்தது தோன் பொலிவார். மோதினதை அவர் பார்க்கவில்லை, சத்தம் கேட்டு வந்தவர். மோட்டார் சைக்கிள் ஜீப்புக்கு முன்னால் குறுக்கே கிடந்தது. ஓல்ஹெர் பையனைத் தூக்கி ஜீப்பில் ஏற்றிக்கொண்டிருந்தார்.

"வண்டிய நகத்தாதீங்க தோன் ஓல்ஹெர்" என்று பொலிவார் கத்தியிருக்கிறார். "நகத்தினா எல்லாம் உங்க தலையிலதான் விடியும். ஆம்புலன்ஸுக்குச் சொல்லியாச்சு."

"ஆம்புலன்ஸ் வர்ற வரைக்கும் இவன் தாங்க மாட்டான் தோன் பொலிவார்."

பொலிவார் சொன்னது தப்பில்லை. அந்த வருடங்களில் சட்டம் அப்படி. போக்குவரத்துப் போலீசும் காப்பீட்டுக்காரரும் வந்து பார்க்கிறவரை வண்டியை ஓர் அங்குலம் நகர்த்தக் கூடாது. பக்கக் கண்ணாடி உரசினதற்குக்கூட நடுரோட்டில் இரண்டு வண்டியையும் நிறுத்திவிட்டு, ஊர்ப் போக்குவரத்தையே மறித்துக்கொண்டு, மோதிக்கொண்ட இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் காப்பி வாங்கிக் கொடுத்துக் காத்திருப்பார்கள். நகர்த்தினவன் எதையோ மறைக்கிறான் என்று பால்குடிக்கிற பிள்ளைக்கும் தெரியும்.

ஓல்ஹெர் நகர்த்தினார். முன்னால் மோட்டார் சைக்கிள் கிடந்ததால் நேரே போக முடியவில்லை. ஸ்டீரிங்கை ஒடித்து, அடுத்த பக்கத்தில் ஏறி, வாழையின் மேலேயே ஏற்றி இறக்கி, டவுனைப் பார்த்துப் பறந்தார். பின்னாலேயே வந்த பஸ்ஸுக்கு வழி வேண்டும் என்று ஆட்கள் மோட்டார் சைக்கிளைப் பாறையோரம் இழுத்துப் போட்டார்கள். நசுங்கின வாழைத்தண்டைப் பொலிவார் பன்றிகளுக்கு எடுத்துப் போனார். அப்புறம் மழை கொட்டிற்று. போக்குவரத்து அதிகாரி வந்து பார்த்தபோது அங்கே மிஞ்சியிருந்தது ஒன்றே ஒன்றுதான். மேலேறுகிறவர்களின் பக்கத்தில், பையனுடைய பக்கத்தில், குழி மண்ணில் ஆழப் பதிந்த ஜீப்பின் சக்கரத் தடம்.

எனக்குச் சந்தையில் ஒருவர் வந்து சொன்னார். ஓடினேன். ஆஸ்பத்திரிப் படியில் ஓல்ஹெர் உட்கார்ந்திருந்தார். அவர் பேன்ட் மடியெல்லாம் ரத்தம். என்னைப் பார்த்துத் தலையை மட்டும் ஆட்டினார். என் கை தாங்கின தலை உள்ளே ஒரு துணிக்குக் கீழே இருந்தது. நான் அழுததை இங்கே எழுதி முடியாது.

சற்று நேரத்தில் பஸ்ஸில் யோர்லெனி வந்து இறங்கினாள். நான் கையை நீட்டிக்கொண்டு ஓடினேன். அவள் என் தோளுக்கு மேலாக ஓல்ஹெரையும் அவர் மடியையும் பார்த்தாள். என்னைத் தாண்டி உள்ளே போனாள்.

அடக்கம் முடிந்த மறுநாள் காலையில், அடுப்படியில் வைத்து, ஓல்ஹெரை உட்காரவைத்துக் கேட்டேன். ஊர் இரண்டாகப் பிரிந்து பேசிக்கொண்டிருந்தது. பையன் குடித்திருந்தான் என்று ஒரு கூட்டம், ஓல்ஹெர் தூங்கி வழிந்துகொண்டு ஓட்டினார் என்று இன்னொரு கூட்டம். ஊர் வாயை மூட உலைமூடி ஏது?

"நீங்க அவன் பக்கம் போனீங்களா?"

"இல்ல."

"பின்ன?"

"வாழையச் சுத்தி வந்தான்" என்றார். வெல்லத் தண்ணீர் தம்ளரைக் கையிலேயே வைத்திருந்தார், குடிக்கவில்லை. "ஹார்ன் அடிச்சானோ என்னவோ, எனக்குக் கேக்கல. இலைக்குப் பின்னாலேர்ந்து வந்தான். வந்தப்ப என் மூஞ்சிக்கு நேரா இருந்தான்."

"அப்ப அதைச் சொல்லுங்க. இன்னிக்கே போய்ச் சொல்லுவோம், வாங்க."

"சொல்ல மாட்டேன்."

"ஏன்?"

"அந்த வாழைய வச்சது யாரு?"

அவரே பேசினார். "மடியில தலைய வச்சுக்கிட்டு ஓட்டுறேன். கண்ணு தொறந்துதான் இருந்தான். 'பத்ரீனோ, இலை மறைச்சிடுச்சு. அம்மாகிட்ட சொல்லாதீங்க'ன்னான். வேற ஒண்ணும் பேசல. அந்த நெலமையிலயும் புள்ளைக்கு அது தோணியிருக்கு பாருங்க."

எனக்குக் கோபம் வந்தது. துக்கத்தில் எனக்குக் கோபந்தான் முதலில் வரும், என் பிறவிக் குணம். "செத்த பிள்ள சொன்னதுக்காக உசுரோட இருக்கறவர் ஜெயிலுக்குப் போகணுமா? என்னைப் பத்தி யாரு யோசிக்கிறது?" என்று கத்தினேன்.

"அவங்களுக்குப் பிள்ள போனது போதாதா? தானே கொன்னுட்டோம்னு வேற தெரியணுமா?"

"அவங்க கொல்லல. குழி கொன்னுது. நகராட்சி கொன்னுது."

"அது உங்களுக்கும் எனக்கும் தெரியும். பெத்தவளுக்கு அப்படியா தோணும்?" தம்ளரைக் கீழே வைத்தார். "நீங்க போய்ச் சொன்னீங்கன்னா, என் பொண்டாட்டி என்னைக் காப்பாத்தப் பொய் சொல்றாங்கன்னு நான் சொல்லிடுவேன்."

முப்பது வருடத்தில் அந்த மனிதர் என்னை எதிர்த்துப் பேசினது அதுதான் முதல் தடவை.

நான் விட்டுவிடுகிற ஆள் இல்லை. கிரேவினுக்காக ஒன்பது நாள் சொன்ன செபமாலையின் கடைசி நாளன்று யோர்லெனி வீட்டுக்குப் போனேன். சொல்லிவிடுவது என்ற முடிவோடுதான் போனேன். அழட்டும், என்னை அடிக்கட்டும், ஆனால் என் வீட்டு ஆள் வெளியே இருக்கட்டும் என்பதுதான் என் கணக்கு. முன்வாசலில் பெண்கள் நிறைந்திருந்ததால் பின்பக்கமாக, வாழையிலையில் மடித்த சோள மாவுத் தாமாலே வேகிற அடுப்பருகே போய் நின்றேன். என்னைக் கண்டதும் இலை மடித்துக்கொண்டிருந்த இரண்டு பேர் எழுந்து போய்விட்டார்கள். யோர்லெனி வந்தாள். கறுப்பு உடுப்பில் பாதி ஆளாக இருந்தாள்.

"என்ன வேணும், தோன்யா நிடியா?"

பத்தொன்பது வருடமாகக் கொமாத்ரே என்று கூப்பிட்ட வாய். அயலாருக்குச் சொல்கிற அந்த மரியாதைத் 'தோன்யா' என் நெஞ்சில் இறங்கியது. ஆனாலும், "உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். அந்த வாழை..." என்று ஆரம்பித்துவிட்டேன்.

"ஆமா, வாழை" என்றாள். சட்டென்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். "நீங்களே பாத்தீங்கல்ல? வாழைய வச்சேன்ல? குச்சி நட்டேன்ல? அவன் கீழ விழக்கூடாதுன்னு நான் செய்ய வேண்டியதச் செஞ்சேன்ல? ராத்திரியெல்லாம் அதைத்தான் நெனச்சுக்கிட்டுக் கெடக்கறேன். நான் ஒண்ணும் சும்மா இருந்துடல. தாயா என்னால முடிஞ்சதச் செஞ்சுட்டேன்னு சாமிகிட்ட சொல்றதுக்கு எனக்கு அது ஒண்ணுதான் இருக்கு." பிறகுதான் யார் கையைப் பிடித்திருக்கிறோம் என்பது நினைவுக்கு வந்ததுபோல விட்டாள். "உங்க வீட்டுக்காரர் அந்த வாழையையும் விட்டு வைக்கல. அதும் மேலயும் ஏத்திட்டாரு."

"சாமி உங்களப் பாத்துக்கட்டும்" என்று மட்டும் சொல்லிவிட்டு, வந்த வழியே திரும்பினேன். வழியெல்லாம் ஓல்ஹெரைத் திட்டிக்கொண்டே வந்தேன். அந்த மனிதர் சொன்னது சரி என்று தெரிந்ததால்தான் அப்படித் திட்டினேன்.

வழக்குக்கு அரசாங்கம் கொடுத்த வக்கீல் இலியானா. சின்ன வயது, கெட்டிக்காரி. பொலிவாரிடம் விசாரித்து, ஜீப் வாழை மேல் ஏறினது புறப்படும்போதுதான் என்பதைத் தெரிந்துகொண்டு வந்துவிட்டாள்.

"அந்தத் தடம் மோதினப்போ விழுந்தது இல்ல, கிளம்பினப்போ விழுந்தது. அப்படித்தானே தோன் ஓல்ஹெர்? நீங்க ஆமான்னு ஒரு வார்த்தை சொன்னா போதும். ரோட்டு நடுவுல மரத்த வச்சவங்க யாரு, குழிய மூடாதவங்க யாருன்னு கேள்வி அந்தப் பக்கம் திரும்பிடும்."

"மரத்த வச்சவங்களக் கூப்பிட்டு விசாரிப்பாங்களா?"

"விசாரிப்பாங்க. அது ஒரு காரணந்தானே."

"அப்ப வேணாம். நான்தான் அந்தப் பக்கம் போனேன்."

இலியானா என்னைப் பார்த்தாள். நான் ஜன்னலைப் பார்த்தேன். வெளியே வந்து அவள் என்னிடம், "தண்டனை குடுத்த பிறகும் புதுசா ஒரு சாட்சி வந்தா கதவு தொறக்குங்க. அதை மனசுல வச்சுக்குங்க" என்றாள். நான் கேட்காமலே சொன்னாள். 

அவர் ஒப்புக்கொண்டதால் விசாரணை நவம்பரிலேயே வந்தது. அன்றைக்கு நீதிபதி யோர்லெனியைப் பார்த்து, சமரசத்துக்குச் சம்மதமா என்று கேட்டார். சம்மதித்தால் வழக்கு அத்தோடு முடியும், எங்கள் நாட்டில் அதற்கு வழி உண்டு. யோர்லெனி எழுந்தாள்.

"என் பையன் மேல தப்புன்னு ஊர்ல பேசறாங்க. குடிச்சிருந்தான்கறாங்க. அவர் வாயால சொல்லட்டும், யாரு மேல தப்புன்னு."

ஓல்ஹெர் கல்யாணச் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்திருந்தார். கழுத்துப் பட்டன் போட முடியாமல் திறந்திருந்தது. எழுந்து நின்று, பாடம் ஒப்பிக்கிற பிள்ளை மாதிரி சொன்னார். "பையன் அவன் பக்கத்துலதான் வந்தான். குடிக்கல. மெதுவாத்தான் வந்தான். நான் அந்தப் பக்கம் போயிட்டேன்."

நான் கைக்குட்டையைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வாயைத் திறந்தால் என்ன வருமோ என்று எனக்கே பயம்.

"இப்ப சம்மதமா?" என்று நீதிபதி கேட்டார்.

"இல்லைங்க" என்றாள் யோர்லெனி. "அவர் சொன்னதுக்கு நன்றி. ஆனா மன்னிக்க எனக்கு வரல."

நான்கு வருடம். மூன்றுக்குள் இருந்திருந்தால் வீட்டிலிருந்தே கழிக்க வழியுண்டாம். வண்டியை நகர்த்தித் தடயத்தைக் கலைத்ததையும் நீதிபதி சேர்த்துக்கொண்டார். உயிரைக் காப்பாற்ற ஓடினதைச் சட்டம் தடயத்தைக் கலைத்தது என்று எழுதிக்கொண்டது. அந்தத் தடந்தான் அவருக்கு எதிராகச் சாட்சி சொல்லிற்று.

ஞாயிற்றுக்கிழமைகளில் சோறும் கறுப்பு அவரையும் கட்டிக்கொண்டு ஜெயிலுக்குப் போவேன். மெலிந்துகொண்டே வந்தார். ஒரு தடவை, "குழி எப்படி இருக்கு?" என்று கேட்டார்.

"உங்களையும் என்னையும் விட நல்லா இருக்கு."

சிரித்தார். பிறகு, "கொமாத்ரே சாப்பிடறாங்களா?" என்றார். யோர்லெனியை அப்போதும் அவர் முறை சொல்லித்தான் பேசினார். எனக்கு அழுகை வந்துவிட்டது. "எனக்கென்ன தெரியும்? என்னைப் பாத்தா ரோட்டுக்கு அந்தப் பக்கம் போறாங்க" என்று சிடுசிடுத்தேன்.

ஜனவரியில் காப்பி அறுவடை சூடு பிடித்தது. விடிந்தால் பொழுது போனால் அந்த வளைவில் வண்டிகள். ஒருநாள் காலையில் கடை ஜன்னலைத் திறந்தேன். குழிக்குள் யோர்லெனி குனிந்து நின்றிருந்தாள். பக்கத்தில் ஒரு வாழைக்கன்று. சின்னக் கன்று இல்லை, தன் தோட்டத்திலேயே பெரிதாகப் பார்த்து வேரோடு பெயர்த்து வந்திருக்கிறாள். ஆளுயரம். இலைகூட வாடாமல் விரிந்து நின்றது.

எனக்குள் என்ன ஏறிற்று என்று தெரியாது. அடுப்பில் இருந்ததை அப்படியே விட்டேன். கொல்லையில் ஓல்ஹெர் தளம் போட வைத்திருந்த சிமெண்ட் மூட்டையைத் தள்ளுவண்டியில் தூக்கிப் போட்டுக்கொண்டு மேலே ஏறினேன்.

"அத எடுங்க" என்றேன்.

"நீங்க யாரு அதச் சொல்ல?"

"எடுங்கன்னா எடுங்க. குழிய நான் மூடறேன். சிமெண்ட் கொண்டாந்திருக்கேன்."

"மூடுறவங்க ரெண்டு வருஷமா எங்க போனீங்க?" அவள் மண்ணை அணைத்துக்கொண்டே பேசினாள். "அறுவடைக்குப் புதுசு புதுசா ஆளுங்க வர்றாங்க. அவங்களுக்குக் குழி தெரியாது. யாரு பெத்த பிள்ளையும் இதுல விழ வேணாம். வீட்டுக்காரர் ஒண்ணைச் சாய்ச்சாரு, நீங்க இன்னொண்ணைச் சாய்க்க வந்தீங்களா?"

நான் வாழையைப் பிடித்து இழுத்தேன். அவள் என் கையைப் பிடித்துத் தள்ளினாள். இரண்டு கிழட்டுப் பெண்கள் நடுரோட்டில் ஒரு வாழைக்கு மல்லுக்கட்டி நின்றோம். அப்போது கீழேயிருந்து மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டது. இருவரும் பாறையோரம் ஒதுங்கினோம்.

கூடை கட்டிக்கொண்டு ஒரு பெண் வந்தாள், அறுவடைக்காரி. வாழையைப் பார்த்ததும் ஹார்ன் அடித்தாள், எதிர்ப் பக்கத்துக்கு ஒடித்தாள், இலையைச் சுற்றிக்கொண்டு போனாள். அதே நேரம் மேலிருந்து பஸ் வந்தது. பஸ்காரர் பிரேக் போட்ட சத்தத்தில் என் உயிரே போய்விட்டது. இரண்டுக்கும் நடுவே ஒரு முழம் இடைவெளி இருந்திருக்கலாம். அந்தப் பெண் காலை ஊன்றி நின்று, நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டு, பாறையோரமாகத் தள்ளிக்கொண்டு போனாள். "எந்தப் புண்ணியவானுங்க இத நடுரோட்டுல வச்சது? எதுக்க வர்றது கண்ணுக்குத் தெரியல" என்று பஸ்காரர் தலையை நீட்டிக் கேட்டுவிட்டு பஸ்ஸைக் கீழே ஓட்டிக்கொண்டு போனார்.

யோர்லெனி கீழே பார்த்துக்கொண்டு நின்றாள். வாழைக்கு ஊற்றின தண்ணீர் ரோட்டில் வழிந்து சேறாகியிருந்தது. அந்தச் சேற்றில் மோட்டார் சைக்கிள் போன கோடு விழுந்திருந்தது. அவள் அந்தக் கோட்டின் மேலேயே நடந்தாள். வாழை வரைக்கும் அவள் மகன் வருகிற பக்கம். வாழையைச் சுற்றி வந்து நின்றபோது அவள் நின்ற இடம், ஓல்ஹெர் இறங்கி வந்த பக்கம். வாழை இலை அவள் தோளில் பட்டுக்கொண்டிருந்தது.

அங்கிருந்து என்னைப் பார்த்தாள்.

"எங்க வச்சு மோதுச்சு?"

என் வீட்டு ஆள் கம்பிக்குப் பின்னால் இருந்தார். ஒரு வார்த்தை. ஒரே வார்த்தை சொன்னால் போதும். நானா தேடிப் போய்ச் சொல்கிறேன்? அவளே கேட்கிறாள். ஆனால் அவள் முகத்தைப் பார்த்தேன்.

"அந்தப் பக்கந்தான்" என்றேன். "உங்க பையன் பக்கத்துல. அவர்தான் போனாரு. கோர்ட்டுல சொன்னாருல்ல?"

அவள் தோளில் பட்ட இலையைக் கையால் விலக்கினாள்.

"உங்களுக்குப் பொய் சொல்ல வராது கொமாத்ரே" என்றாள். "உங்க வாய் சண்டைக்குத்தான் லாயக்கு."

அப்படியே ரோட்டில் உட்கார்ந்துவிட்டாள். நான் போய் அவளைக் கட்டிக்கொண்டேன். சத்தம் வராத அழுகை அது. உடம்பு மட்டும் குலுங்கிற்று. அவளைப் பிடித்து உட்காரவைத்திருந்ததால் என் கண்ணைத் துடைத்துக்கொள்ள எனக்குக் கை இல்லை.

"நான்தானா?" என்றாள்.

"இல்ல."

"நான்தான் வச்சேன். குச்சி நட்டு வளத்தேன்."

"குழிய மூடாதவன் இருக்கான். பனி இருந்துச்சு. கேக் வெட்டி நானும் சிரிச்சேன். ஊரே சிரிச்சுது."

"வண்டியில ஏதாச்சும் சொன்னானா?"

"அம்மான்னான்" என்றேன். அதற்குப் பிறகு அவன் சொன்னதை நான் சொல்லவில்லை. அதை இன்றுவரை சொல்லவில்லை.

அவள் எழுந்து, வாழையைத் தானே பிடுங்கினாள். வேரோடு பள்ளத்தில் எறிந்தாள். இரண்டு பேரும் சேர்ந்து கல்லைப் பொறுக்கிப் போட்டு, மணலைக் கலந்து, அந்தக் குழியை மூடினோம். அவள் சிமெண்டை வெறுங்கையால் தேய்த்துத் தேய்த்துச் சமப்படுத்தினாள். காய்கிறவரை சுற்றிக் கல் வைத்துவிட்டு, கையைக் கழுவ என் கடைக்குள் வந்தாள். அக்டோபருக்கு அப்புறம் அப்போதுதான் வந்தாள். கறுகிப்போன சட்டியைப் பார்த்து, "அவரை தீஞ்சிடுச்சு பாருங்க" என்றாள்.

"தீயட்டும்."

"டவுனுக்கு அடுத்த பஸ் எப்ப?"

"எதுக்கு?"

"கொம்பாத்ரே உள்ள இருக்காரு. அந்த வக்கீல் பொண்ணு எங்க இருக்கும்னு எனக்குத் தெரியாது. நீங்க கூட வாங்க."

வேண்டாம் என்று சொல்லியிருக்க வேண்டுமோ என்று சில நாள் தோன்றும். அன்றைக்குச் சொல்லவில்லை. எனக்கு என் மனிதர் வேண்டியிருந்தது. கடையைச் சாத்திக்கொண்டு அவளோடு ஏறினேன்.

பஸ்ஸில் அவள் ஜன்னல் ஓரம் உட்கார்ந்தாள். நகத்திலெல்லாம் சிமெண்ட் ஒட்டியிருந்தது. கொஞ்சதூரம் போனதும் என் பக்கம் திரும்பி, "அங்க என்ன கேப்பாங்க?" என்றாள்.

"யாரு, என்னன்னு கேப்பாங்க. வாழைய யாரு வச்சதுன்னு கேப்பாங்க."

தலையை ஆட்டினாள். அழுதாலும் பிள்ளை அவளே பெறவேண்டும் என்பார்கள். பக்கத்தில் உட்கார்ந்திருப்பதைத் தவிர என்னால் ஆவது ஒன்றுமில்லை. அவள் கையை எடுத்து என் மடியில் வைத்துக்கொண்டேன். டவுன் வருகிறவரை அவள் உதடு அசைந்துகொண்டே இருந்தது. செபம் சொல்கிறாள் என்று நினைத்துக் காதைக் கொடுத்தேன். பதில் சொல்லிப் பழகிக்கொண்டிருந்தாள்.

"வாழைய வச்சது நான். கிரேவினோட அம்மா."